கூட்டுக் கற்றலும் குவாண்டம் அபாயமும்: சைக் வீழ்ச்சியை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

இணையத் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் மாடலுக்கு எத்தனை விதமான தாக்குதல்களைக் காட்டுகிறோமோ அத்தனைக்கு அது கூர்மையாகும். ஆனால் ஒரு வங்கி தன் நெட்வொர்க்கில் நடந்த ஊடுருவலின் பதிவுகளை இன்னொரு வங்கிக்குத் தூக்கிக் கொடுக்குமா? சட்டமும் விடாது, வணிக நலனும் விடாது. மின் நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் இதே நிலைதான். இந்த இடத்தில்தான் ஃபெடரேட்டட் லேர்னிங் என்ற கூட்டுக் கற்றல் உதவிக்கு வருகிறது. தரவு அவரவர் இடத்தை விட்டு நகராது. மாடல் அங்கே போய்ப் பயிற்சி பெறும். பயிற்சியில் மாறிய எண்கள் மட்டும் நடுவிலுள்ள சர்வருக்கு வரும். சர்வர் எல்லாவற்றையும் கூட்டி, சராசரி எடுத்து, புது மாடலைத் திருப்பி அனுப்பும். கூகுளின் பிரெண்டன் மக்மஹன் குழு 2016-இல் முன்வைத்த முறை இது.

பாதுகாப்புத் துறையில் இதற்கு நல்ல உதாரணம் 2019-இல் வெளிவந்த டியோட். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. வீடுகளில் இருக்கும் கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்ற 30-க்கும் மேற்பட்ட சாதனங்களை வைத்துச் சோதித்தார்கள். மிராய் போன்ற தீநிரல் பிடித்த சாதனங்களை 95.6 சதவீதம் அடையாளம் கண்டது, அதுவும் ஏறக்குறைய 257 மில்லிசெகண்டில். ஒவ்வொரு வீடும் தன் போக்குவரத்துப் பதிவை வெளியே அனுப்பாமலே இது முடிந்தது.

ஆகவே தரவு வெளியே போகவில்லை, எல்லாம் பத்திரம் என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிக்கு அடிப்படை குறைவு. மாறிய எண்கள், அதாவது கிரேடியன்ட்கள், பயிற்சித் தரவின் நிழலைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன. 2019-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் கிரேடியன்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு, பயிற்சிக்குப் பயன்பட்ட படங்களையும் வாக்கியங்களையும் மீட்டெடுத்துக் காட்டினார்கள். அதே உத்தி தாக்குதல் பதிவுகளில் பயிற்சி பெற்ற மாடலுக்கும் பொருந்தும். ஒரு நிறுவனத்தின் கிரேடியன்ட் கையில் கிடைத்தால், அங்கே எந்த மாதிரி சாதனங்கள் ஓடுகின்றன, எந்த வகை ஊடுருவல் நடந்திருக்கிறது என்று ஊகிக்க வழி பிறக்கிறது. இந்தக் கசிவை அடைக்கும் முறையைப் பெரிய குவாண்டம் கணினி எப்படி உடைக்கும், மாற்றாக நினைத்த சைக் என்ற சாவி முறை 2022-இல் விழுந்ததிலிருந்து என்ன கற்கலாம் என்பதே இங்கே பேசப்போவது.

மறைப்பு எண்கள் வேலை செய்யும் விதம்

இந்தக் கசிவை அடைக்க 2017-இல் கூகுளின் கீத் பொனாவிட்ஸ் குழு பாதுகாப்பான கூட்டல் நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. இன்று கூட்டுக் கற்றலில் தனியுரிமை பற்றிப் பேசும் பெரும்பாலான அமைப்புகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

மூன்று நிறுவனங்கள்: அ, ஆ, இ. அவர்கள் அனுப்ப வேண்டிய எண்கள் முறையே 7, 4, 9. ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குள் ஒரு ரகசிய எண்ணை வைத்துக்கொள்கிறது. அ-ஆ ஜோடிக்கு 52, அ-இ ஜோடிக்கு 31, ஆ-இ ஜோடிக்கு 18. ஜோடியில் முதலில் வருபவர் அதைக் கூட்டுவார், அடுத்தவர் கழிப்பார். அ அனுப்புவது 7+52+31, அதாவது 90. ஆ அனுப்புவது 4-52+18, அதாவது -30. இ அனுப்புவது 9-31-18, அதாவது -40. சர்வர் மூன்றையும் கூட்டினால் 20. அது 7, 4, 9 மூன்றின் சரியான கூட்டல். மறைப்பு எண்கள் தாமாகவே அடிபட்டுப் போய்விட்டன. யார் எதை அனுப்பினார் என்பது சர்வருக்குத் தெரியாது.

நிஜத்தில் இந்த எண் ஒன்றல்ல, லட்சக்கணக்கில் இருக்கும். அதனால் ஒவ்வொரு ஜோடியும், பிறர் பார்க்கச் செய்தி பரிமாறியே ஒரு பொது ரகசியத்துக்கு வரும் டிஃபி-ஹெல்மன் சாவிப் பரிமாற்றம் மூலம் ஒரு சின்ன விதை எண்ணை மட்டும் ஒப்புக்கொண்டு, அதிலிருந்து வேண்டிய அளவு மறைப்பு எண்களை உருவாக்கிக்கொள்கிறது. நடுவில் ஒருவர் இணைப்பு அறுந்து காணாமல் போனால் கணக்கு உதைக்குமே என்பதற்காக, ஒவ்வொருவரும் தன் தனிச் சாவியை ஷாமிர் முறைப்படி துண்டுகளாக்கி மற்றவர்களிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்கிறார். தேவையான அளவு துண்டுகள் சேர்ந்தால் காணாமல் போனவரின் மறைப்பைச் சர்வர் நீக்கிக்கொள்ளலாம். தாமதமாக வந்து சேர்பவருக்காக இன்னொரு தனி மறைப்பும் உண்டு. அழகான வடிவமைப்பு. 2017-இல் செய்த வேலை இன்றும் அடித்தளமாக நிற்பது சும்மா இல்லை.

குவாண்டம் எங்கே வெட்டுகிறது

இப்போது அந்த நெறிமுறையைப் பாகம் பாகமாகப் பிரித்து, பெரிய குவாண்டம் கணினி வந்தால் எது தாங்கும், எது தாங்காது என்று பார்க்கலாம். ஷாமிர் துண்டாக்கல் எவ்வளவு கணிக்கும் திறன் இருந்தாலும் உடையாது, அது கணித உண்மை. விதையிலிருந்து எண்களை உருவாக்கும் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறை மீது, குரோவர் என்ற குவாண்டம் தேடல் முறையால் ஓரளவு தாக்கம் உண்டு. 128 பிட்டை 256 ஆக்கிவிட்டால் போதும். எந்தத் தரவையும் ஒரு சிறு கைரேகையாகச் சுருக்கும் ஹாஷ் சார்புகளும் அப்படித்தான். மிஞ்சுவது டிஃபி-ஹெல்மன். 1994-இல் பீட்டர் ஷோர் காட்டிய முறை அதை முழுதாகத் தகர்க்கிறது. டிஃபி-ஹெல்மன் இன்று பெரும்பாலும் ஓடும் எலிப்டிக் கர்வ் கணிதத்தில், 256 பிட் சாவியை உடைக்கச் சுமார் 2330 பிழையற்ற க்யூபிட்கள், அதாவது குவாண்டம் பிட்கள், போதும் என்று 2017-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அத்தகைய கணினி இன்று இல்லை. ஆனால் மதிப்பீடுகள் இறங்கிக்கொண்டே வருகின்றன. ஆர்எஸ்ஏ என்ற இன்னொரு பழைய முறையின் 2048 பிட் சாவியை உடைக்க, பிழை செய்யும் நிஜ க்யூபிட்கள் 2 கோடி வேண்டும் என்று 2019-இல் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கராவும் சொன்னார்கள். 2025 மே மாதம் கிட்னியே அதைப் பத்து லட்சத்துக்கும் கீழே கொண்டுவந்தார்.

இன்று பதிவு செய்துவைத்து நாளை உடைப்பது என்ற உத்தி பற்றிப் பலரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் கேபிளில் ஒட்டுக்கேட்பவனைப் பற்றியே இருக்கிறது. அதற்கு மருந்தாக, இணையப் போக்குவரத்தைக் குறியாக்கும் டிஎல்எஸ் இணைப்பைக் குவாண்டம் தாங்கும் முறைக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கூட்டுக் கற்றலைப் பொறுத்தவரை இதுதான் ஆபத்தான தவறு.

ஏன் என்று பாருங்கள். டிஎல்எஸ் காப்பது பங்கேற்பாளருக்கும் சர்வருக்கும் இடையிலான பாதையை. மறைப்பு எண்கள் காப்பது சர்வரிடமிருந்தே. விதையை ஒப்புக்கொள்ள ஒவ்வொருவரும் வெளியிடும் பொதுச் சாவிகள் எல்லாம் சர்வர் வழியாகத்தான் போகின்றன. மறைத்த எண்களும் அங்கேதான் வந்து சேர்கின்றன. இரண்டும் பதிவில் இருந்தால், பிற்காலத்தில் அந்தப் பதிவு யார் கைக்குப் போகிறதோ அவர் பொதுச் சாவிகளிலிருந்து ஒவ்வொரு ஜோடியின் விதையையும் கண்டுபிடித்து, மறைப்பைக் கழித்து, ஒவ்வொரு நிறுவனத்தின் கிரேடியன்ட்டையும் தனித்தனியே எடுத்துவிடலாம். மேலே சொன்ன உதாரணத்தில் 90-இலிருந்து 52-ஐயும் 31-ஐயும் கழிப்பது போலத்தான். பங்கேற்பாளர் யாருடைய உதவியும் தேவையில்லை. வெளிப்பாதையில் என்ன டிஎல்எஸ் ஓடியது என்பதும் பொருட்டே இல்லை. பல நிறுவனங்களின் பாதுகாப்பு அறிவு வந்து குவியும் சர்வர்தான் எதிரி முதலில் குறிவைக்கும் இடம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த ரகசியம் பத்து வருடம் கழித்தும் மதிப்புள்ளதா என்று கேட்கலாம். ஐபி முகவரிக்கு மதிப்பிருக்காது. ஆனால் துணைமின் நிலையங்களில் வைத்த ரிலேக்களும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இருபது வருடம் கூட ஓடும். அவற்றின் பலவீனம் தெரிந்தால் அது அத்தனை வருடமும் செல்லும்.

குறியாக்கிய எண்களைத் திறக்காமலே கூட்ட உதவும் ஹோமோமார்ஃபிக் குறியாக்கத்தை நம்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வங்கிகளுக்கு இடையிலான கூட்டுக் கற்றலில் அந்த வகையைச் சேர்ந்த பெய்லியர் முறை வெகுவாகப் புழங்குகிறது. சீனாவின் வீபேங்க் வங்கி தொடங்கிய ஃபேட் என்ற கூட்டுக் கற்றல் மென்பொருளிலும் அது உண்டு. 1999-இல் வந்த அந்த முறை பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவதன் கடினத்தில் நிற்கிறது, ஆகவே அதுவும் ஷோர் முன் விழும். ஷோர் முறைக்கு வளையாத லேட்டிஸ் கணிதத்தில் நிற்கும் சிகேகேஎஸ் போன்ற ஹோமோமார்ஃபிக் முறைகள் இந்த வகையில் பரவாயில்லை.

மாற்றுச் சாவி: வடிவம் பொருந்தாத சிக்கல்

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2016-இல் குவாண்டம் தாங்கும் முறைகளுக்கான போட்டியை அறிவித்தது. 2024 ஆகஸ்ட் 13 அன்று முதல் மூன்று தரநிலைகள் வந்தன. சாவிப் பரிமாற்றத்துக்கு எம்எல்-கெம், செய்தி யாருடையது என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ, எஸ்எல்எச்-டிஎஸ்ஏ. சரி, டிஃபி-ஹெல்மனை எடுத்துவிட்டு எம்எல்-கெம் வைத்தால் ஆயிற்று என்று தோன்றும். செய்து பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

டிஃபி-ஹெல்மனில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொதுச் சாவியை வெளியிட்டால் போதும். எந்த இருவரும் மேற்கொண்டு எதுவும் பேசாமல் பொது ரகசியத்துக்கு வந்துவிடலாம். எம்எல்-கெம் அப்படி இல்லை. ஒருவர் அடுத்தவரின் பொதுச் சாவியை வைத்து ஒரு சைஃபர்டெக்ஸ்ட், அதாவது ரகசியத்தைப் பூட்டிய செய்தி, செய்து அனுப்ப வேண்டும், அடுத்தவர் அதைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று. ஒரு சுற்று கூடுகிறது, அளவும் வீங்குகிறது. டிஃபி-ஹெல்மனின் இன்றைய எலிப்டிக் கர்வ் வடிவமான எக்ஸ்25519-இல் பொதுச் சாவி 32 பைட். எம்எல்-கெம்-768 பொதுச் சாவி 1184 பைட், சைஃபர்டெக்ஸ்ட் 1088 பைட்.

பொனாவிட்ஸ் குழு தங்கள் கணக்குக்கு எடுத்துக்கொண்ட 1024 பங்கேற்பாளர், 16 பிட்டில் சுமார் பத்து லட்சம் எண்கள் என்ற நிலையை வைத்துப் பார்ப்போம். ஒருவர் அனுப்பும் மாடல் மாற்றம் சுமார் 2.1 எம்பி. நெறிமுறைப்படி ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவி. மற்ற 1023 பேரின் சாவிகளைப் பெற எக்ஸ்25519-இல் 65 கேபி ஆகும். எம்எல்-கெம்-768-இல் அதுவே 2.4 எம்பி. சைஃபர்டெக்ஸ்ட்கள் தனி. அனுப்பும் சரக்கைவிட அதற்கான சாவிகள் கனமாகிவிடுகின்றன.

அளவைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இணைப்பு அறுந்தவரைக் கையாளும் பகுதி. டிஃபி-ஹெல்மனில் காணாமல் போனவரின் தனிச் சாவியை மீட்டால் அவர் சம்பந்தப்பட்ட எல்லா ஜோடி விதைகளும் கிடைக்கும். எம்எல்-கெம் முறையில் அவர் அனுப்பிய சைஃபர்டெக்ஸ்ட்களைத் திறக்கும் சாவி எதிர்ப்பக்கத்தவரிடம் அல்லவா இருக்கிறது? அவருடைய சாவியை மீட்டாலும் பாதி விதைகள் கிடைக்காது. அந்தச் சைஃபர்டெக்ஸ்ட் செய்யப் பயன்பட்ட சீரற்ற எண்களை ஒரே மூல எண்ணிலிருந்து வருவித்து, அந்த மூல எண்ணையும் துண்டாக்கிக் கொடுத்து வைக்கலாம். ஆனால் அந்தச் சீரற்ற எண் அங்கீகரிக்கப்பட்ட மூலத்திலிருந்தே வர வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. இல்லையென்றால் மிஞ்சி இருப்பவர்கள் அவருடன் பகிர்ந்த விதையைத் தாங்களே வெளியிட வேண்டும். சாவியை மட்டும் மாற்றிவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டால், முதல் இணைப்பு அறுந்ததும் முழுச் சுற்றும் வீணாகும்.

சைக்: 62 நிமிடம்

இப்படி அளவும் வடிவமும் தொல்லை கொடுக்கும் இடத்தில்தான் சைக் மிகவும் கவர்ச்சியாக இருந்தது. 2011-இல் டேவிட் ஜாவோவும் லூகா டி ஃபியோவும் முன்வைத்த எஸ்ஐடிஎச் என்ற யோசனையிலிருந்து வளர்ந்தது அது. எலிப்டிக் கர்வ்களுக்கு இடையிலான ஐசோஜெனி என்ற உறவில் ரகசியத்தை ஒளித்து வைக்கும். டிஃபி-ஹெல்மனின் சாயல் அதில் இருந்தது. சைக்-பி434 பொதுச் சாவி 330 பைட்தான். அதே பாதுகாப்பு நிலையில் எம்எல்-கெம்-512 சாவி 800 பைட். கணக்கிட நேரம் அதிகம் எடுத்தாலும், கம்பி குறுகலாக இருக்கும் இடங்களில் சைக்தான் பொருந்தும் என்று நினைத்தவர்கள் நிறைய. கூகுளும் கிளவுட்ஃப்ளேரும் 2019-இல் குரோம் பிரவுசரில் அதை நிஜ இணைப்புகளிலேயே ஓட்டிப் பார்த்தன.

2022 ஜூலை 5 அன்று நிஸ்ட் சைக்கை நான்காம் சுற்றுக்கு அனுப்பியது. அந்த மாதம் முடிவதற்குள் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வூட்டர் காஸ்ட்ரிக், தோமாஸ் டெக்ரு இருவரும் தங்கள் தாக்குதலை வெளியிட்டார்கள். சைக்-பி434 ஒரே ஒரு பிராசஸர் கோரில் சுமார் 62 நிமிடத்தில் உடைந்தது. மைக்ரோசாஃப்ட் பரிசு அறிவித்து வைத்திருந்த இரண்டு சிறிய சவால்களில் ஒன்று 4 நிமிடத்திலும் மற்றது 6 நிமிடத்திலும் விழுந்தன. குவாண்டம் கணினி எதுவும் தேவைப்படவில்லை. பயன்பட்டது எர்ன்ஸ்ட் கானி 1997-இல் நிறுவிய தேற்றம். பதினோரு வருடம் நின்ற முறையை உடைக்கும் கருவி, அந்த முறை பிறப்பதற்கு முன்பே கணித இதழ் ஒன்றில் கிடந்திருக்கிறது. லூசியானோ மைனோ, க்ளோயி மார்ட்டிண்டேல், டாமியன் ரோபெர் ஆகியோர் தொடர்ந்து இதைப் பொதுமைப்படுத்த, மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. சைக்கை உருவாக்கிய குழுவே அது பாதுகாப்பற்றது, பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

எச்சரிக்கை இல்லாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. எஸ்ஐடிஎச் பொதுச் சாவியில் கூடுதலாகச் சில புள்ளிகளின் விவரம் சேர்ந்து வெளியே போகும். ஒரே சாவியைப் பலருடன் பயன்படுத்தினால் ரகசியம் கசியும் என்று 2016-இல் ஸ்டீவன் கால்பிரெய்த்தும் சகாக்களும் காட்டினார்கள். கூட்டல் நெறிமுறையில் ஒரே சாவியை ஆயிரம் பேருடன் பயன்படுத்துவோம் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கூடுதல் புள்ளிகளை வைத்தே சில வேறுபட்ட வடிவங்களை உடைக்கலாம் என்று 2017-இல் கிறிஸ்டோஃப் பெட்டி எழுதினார். 2022-இல் முறை முழுதாக உடைந்ததும் அதே புள்ளிகளால்தான். அதே வருடம் பிப்ரவரியில் ரெயின்போ என்ற கையொப்ப முறையை வார்ட் புலென்ஸ் ஒரு லேப்டாப்பில் ஒரு வார இறுதியில் உடைத்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது நிஸ்ட் இறுதிச் சுற்றில் நின்ற முறை.

இந்த வீழ்ச்சியில் கூகுள்-கிளவுட்ஃப்ளேர் சோதனையில் கலந்துகொண்டவர்களின் தரவு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் சைக்கைத் தனியாக நம்பவில்லை. எக்ஸ்25519 ரகசியத்தையும் சைக் ரகசியத்தையும் சேர்த்துக் கலந்தே இறுதிச் சாவியைச் செய்தார்கள். இரண்டில் ஒன்று நின்றாலும் போதும். சைக் போன பிறகும் பழைய எலிப்டிக் கர்வ் காவல் இருந்தது. இந்த ஒரு முடிவுதான் இந்த நிகழ்விலேயே என்னை மிகவும் ஈர்ப்பது. கூட்டல் நெறிமுறையிலும் ஜோடி விதையை இப்படித்தான் செய்ய வேண்டும். எக்ஸ்25519-உம் எம்எல்-கெம்-உம் தரும் இரண்டு ரகசியங்களையும், இரு தரப்பின் பொதுச் சாவிகளையும், சுற்று எண்ணையும் ஒரு ஹாஷில் போட்டு எடுப்பதே விதை. கூடுதல் செலவு ஆளுக்கு 32 பைட். எம்எல்-கெம் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. லேட்டிஸ் கணிதம் நீண்ட காலமாகப் பரிசோதிக்கப்பட்டது. ஆனால் பல நிறுவனங்களின் ரகசியத்தை ஒரே கணித அனுமானத்தின் மேல் ஏற்றிவைக்க எந்த அவசியமும் இல்லை.

இருபது நிறுவனங்கள் என்றால்

1024 பங்கேற்பாளர் கணக்கைக் கேட்டு யாரும் பின்வாங்க வேண்டாம். அது செல்போன்களுக்கான அளவு. பாதுகாப்புக்காகச் சேரும் நிறுவனங்கள் பத்து, இருபது, ஐம்பது என்றுதான் இருக்கும். இருபது பேர் என்றால் மற்றவர்களின் எம்எல்-கெம்-768 சாவிகளைப் பெற ஆளுக்கு 45 கேபிதான். மின்னஞ்சலோடு வரும் ஒரு சாதாரணக் கோப்பின் அளவு. இணைப்பு அறுந்தவருக்காக மிஞ்சியவர்கள் விதையை வெளியிடுவதும் இத்தனை பேரில் எளிது. எண்ணிக்கை ஆயிரங்களைத் தொடும் இடத்தில், எல்லாரும் எல்லாருடனும் ஜோடி சேராமல் ஒவ்வொருவரும் சில அயலாருடன் மட்டும் சேரும் முறையை 2020-இல் ஜேம்ஸ் பெல்லும் பொனாவிட்ஸும் பிறரும் கொடுத்திருக்கிறார்கள். ஆக, செலவு கட்டுப்படியாகாது என்ற சாக்கு பாதுகாப்புத் துறைக்குப் பொருந்தாது.

கையொப்பங்களை இவ்வளவு அவசரமாக மாற்றத் தேவையில்லை. இன்று போட்ட கையொப்பத்தைப் பத்து வருடம் கழித்து யாராவது போலி செய்தாலும், முடிந்துபோன சுற்றை அது கெடுக்காது. எம்எல்-டிஎஸ்ஏ-65 கையொப்பம் 3309 பைட், இன்று புழங்கும் எலிப்டிக் கர்வ் முறையான எட்25519 கையொப்பமோ 64 பைட்தான். முதலில் சாவிப் பரிமாற்றம், அப்புறம் கையொப்பம் என்ற வரிசைதான் சரி. பழைய ஆர்எஸ்ஏ, எலிப்டிக் கர்வ் முறைகளை 2035-க்குப் பிறகு அனுமதிப்பதில்லை என்பது நிஸ்ட் 2024 நவம்பரில் வெளியிட்ட வரைவுத் திட்டம். அதுவரை காத்திருக்க கையொப்பத்துக்கு நேரம் உண்டு, விதைகளுக்கு இல்லை.

இவ்வளவு செய்தாலும் தீராத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். டியோட்டை உருவாக்கியவர்களே 2020-இல் அதே வகை அமைப்புக்குள் விஷத் தரவைப் புகுத்திக் காட்டினார்கள். கைப்பற்றப்பட்ட சில சாதனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீய போக்குவரத்தைக் கலந்து அனுப்ப, மாடல் அதை இயல்பானது என்று கற்றுக்கொண்டது. பாதுகாப்பான கூட்டல் ஒவ்வொருவர் அனுப்பியதையும் சர்வரிடமிருந்து மறைப்பதால், விஷம் வைத்தவரைப் பிடிப்பது இன்னும் கடினம். அனுப்பிய எண்கள் எல்லைக்குள் இருக்கின்றன என்று மறைத்தபடியே நிரூபிக்கும் வழிகள் உண்டு. அவற்றில் பெடர்சன் கமிட்மென்ட்டை, அதாவது எண்ணைக் காட்டாமலே பின்னால் மாற்ற முடியாதபடி கட்டிவைக்கும் முறையை, அடிப்படையாகக் கொண்டவற்றுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. குவாண்டம் கணினி வந்தால் போலி நிரூபணம் செய்ய முடியும், ஆனால் பழைய கமிட்மென்ட்டுக்குள் ஒளிந்த எண்ணை அதனாலும் வெளியே எடுக்க முடியாது. அதாவது இந்தப் பகுதியையும் கையொப்பங்களைப் போலவே பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்கள். பழைய சாவிகளால் மறைத்து அனுப்பிய எண்களை இனிமேல் எந்தப் புது முறையாலும் காப்பாற்ற முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: சுற்று முடிந்து கூட்டுத்தொகை கிடைத்ததும் பொதுச் சாவிகளையும் மறைத்த எண்களையும் சர்வரிலிருந்து அழிப்பது. பேக்கப்பிலும், பிழை தேடுவதற்காக எடுத்துவைத்த லாக்குகளிலும், கிளவுட் ஸ்னாப்ஷாட்டிலும் அவை தங்கிவிடுவது சகஜம். எனவே எவற்றை அழிக்க வேண்டும், எத்தனை நாளுக்குள், அழித்ததற்குப் பங்கேற்பாளர்களுக்கு யார் எழுதிக் கொடுப்பது என்பதெல்லாம் கூட்டமைப்பின் ஒப்பந்தத்திலேயே வர வேண்டும். கலப்புச் சாவி முறைக்கு மென்பொருளை மாற்ற மாதங்கள் ஆகலாம். இந்த அழிப்பை இந்த வாரமே தொடங்கலாம்.